புகைப்படத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இஸ்தான்புல் போய்வந்தோம். பெயோலுவில் நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே பூட்டிய பெரிய தேவாலயம் ஒன்று. வழிகாட்டியாக வந்த இளைஞரிடம் கேட்டேன். "கிரேக்கர்களுடையது. ஒருகாலத்தில் லட்சம் பேர் இருந்தார்கள். பிறகு கிளம்பிப் போய்விட்டார்கள். இப்போது இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம்" என்றார். மறுநாள் படகில் ப்யூக்அடா தீவுக்குப் போனோம். குன்றின்மேல் பிரம்மாண்டமான மர மாளிகை ஒன்று இடிந்துகொண்டிருக்கிறது. கிரேக்க அநாதை இல்லமாக இருந்ததாம். மனது கனத்துவிட்டது.

சங்கப் பாடல்களில் வரும் யவனர்களின் வழித்தோன்றல்கள்தானே இவர்கள்? அழிந்துகொண்டிருக்கும் இந்த இனத்தின் பாரம்பரியத்தை எப்படிக் காப்பாற்றுவது? யாராவது ஒரு நல்ல அருங்காட்சியகம் அமைக்கக் கூடாதா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

பி.கு: சுக்குர்ஜுமாவில் ஒரு பழம்பொருள் கடையில் பழைய குடும்பப் படம் ஒன்று வாங்கினேன். அட்டையில் ஒட்டியது. ஆறு பேர், நடுவில் ஒரு பாட்டி. பின்பக்கம் பென்சிலில் கிரேக்க எழுத்தில் நான்கு வரி இருந்தது. ஊருக்கு வந்ததும் பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்து கூடத்தில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

ரா., கோவை

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்துக்குப் பின்குறிப்பிலிருந்துதான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. படித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டேன். லேமினேஷனா செய்தீர்கள்!

ஒரு சமூகத்தின் நினைவு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்ற கேள்வி கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயத்தைப் பூட்டும்போதா, மர மாளிகையின் கூரை சரியும்போதா? என் கணக்கில், படத்திலிருந்து பெயர் பிரியும்போது. அந்தப் பிரிவினையை நீங்கள் நல்ல மனதோடு, கைக்காசு போட்டு, கோவையில் வைத்துச் செய்து முடித்திருக்கிறீர்கள். ஆறு பேர் உங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று சொன்ன நான்கு வரி, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கும் பசைக்கும் நடுவே கிடக்கிறது.

திட்டுவதைப் பிறகு தொடர்கிறேன். முதலில் உங்கள் மற்ற கேள்விகள்.

யவனர் விஷயத்தை விட்டுவிடுங்கள். சங்கப் பாடலில் வரும் அந்தச் சொல்லும் துருக்கியில் கிரேக்கரைச் சொல்லும் 'யுனான்' என்ற சொல்லும் அயோனியா என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் இஸ்தான்புல் கிரேக்கர்கள் தங்களை யுனான் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது கிரேக்க நாட்டுக் குடிமக்களுக்கான பெயர். இவர்கள் 'ரூம்'. அறை இல்லை ஐயா, ரோம். கிழக்கு ரோமப் பேரரசின் மக்கள் என்ற பழைய பொருளில் வரும் ரூம். அவர்கள் மொழியில் ரொமியோஸ். இந்த வேறுபாடு ஏதோ சொல்லாராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். 1964இல் யார் ஊரில் இருக்கலாம், யார் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானித்தது.

அதனால்தான் உங்கள் வழிகாட்டி சொன்ன 'கிளம்பிப் போய்விட்டார்கள்' என்ற வினைச்சொல் எனக்குப் பிடிக்கவில்லை. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது, 1918 அக்டோபர் 30க்கு முன்பே இஸ்தான்புல்லில் குடியிருந்த ரூம் மக்களுக்கு விலக்குக் கிடைத்தது. லட்சம் பேருக்கு மேல் தங்கினார்கள். 1942 நவம்பரில் சொத்துவரி வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பல மடங்கு, கட்ட 15 நாள், மேல்முறையீடு கிடையாது, கட்டமுடியாதவர்களுக்கு அஷ்காலே கல்லுடைப்பு முகாம். 1955 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு கும்பல்கள் இறங்கின. கடைகளும் வீடுகளும் எழுபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களும் தாக்கப்பட்டன. ஷிஷ்லி, பாலிக்லி கல்லறைத் தோட்டங்களைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகும் பெரும்பாலோர் ஊரிலேயேதான் இருந்தார்கள்.

1964 மார்ச்சில் துருக்கி, 1930ஆம் ஆண்டின் அங்காரா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தின் பேரில் குடியிருந்த கிரேக்கக் குடிமக்கள், அதாவது 'யுனான்'கள், சுமார் 12,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பலர் அதே ஊரில் பிறந்தவர்கள். கணவர் யுனான், மனைவி ரூம் என்ற வீடுகள் ஏராளம். கணவர் போனால் மனைவி மக்களும்தானே போவார்கள்? குடும்பத்தோடு கணக்கிட்டால் 40,000 வரை என்பார்கள். கையில் 20 கிலோ பெட்டி, 20 டாலர் அளவுக்குப் பணம். அவ்வளவுதான் அனுமதி.

அந்த 20 கிலோவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளிருக்கு இரண்டு கோட்டு, பிள்ளைகளின் துணி, காலணி, ஐகான் எனப்படும் புனிதர் படம் ஒன்று. தோல் அட்டை போட்ட பழைய குடும்ப ஆல்பம் ஒன்றே இரண்டு, மூன்று கிலோ வரும். படங்களை மட்டும் உருவிக்கொண்டு ஆல்பத்தை விட்டுவிட்டுப் போகத்தான் தோன்றும். பெயர்களை ஆல்பத்தின் தாளில்தான் எழுதியிருப்பார்கள். படம் பெட்டியில் போகிறது, பெயர் வீட்டில் தங்கிவிடுகிறது. அல்லது இரண்டுமே தங்கி, காயலான் கடைக்கு வந்து, ஒவ்வொரு படமாகப் பிய்த்து விலைக்குப் போகிறது. உங்கள் கைக்கு வந்ததில் பின்பக்கம் நான்கு வரி எழுதியிருந்தது என்றால், இந்த இரண்டு விபத்திலிருந்தும் அது தப்பி வந்திருக்கிறது.

சரி, இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பலகையிலிருந்து பிய்க்காதீர்கள். ஹேர் டிரையர், பிளேடு, வெந்நீர் எதுவும் வேண்டாம். பழைய படத்தின் மேல்பூச்சு ஜெலட்டினாகவோ முட்டை வெள்ளைக்கருவாகவோ இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் ஜெலட்டின் இளகிப் பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெயில் படாத, வெளிச்சுவராக இல்லாத சுவருக்கு மாற்றுங்கள். எம்.டி.எஃப். பலகையிலிருந்து வரும் அமில வாயு அட்டையைப் பழுப்பாக்கும். அதை இனி நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். கண்ணாடிப் பளபளப்பு விழாதபடி பக்கவாட்டு வெளிச்சத்தில் முன்பக்கத்தை நல்ல கேமராவில் எடுத்து வையுங்கள். அட்டையின் கீழ்விளிம்பில் ஸ்டூடியோ பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஃபேபூஸ், அப்துல்லா ஃப்ரேர், செபா எ ஜோவாயே என்று பெயர் பெற்ற ஸ்டூடியோக்கள் பெயோலுவின் பெரா வீதியில் இருந்தன. ஸ்டூடியோ கடை மாற்றினால் அட்டையின் அச்சும் மாறும். அதை வைத்தே ஐந்தாறு வருட வரம்புக்குள் படத்தின் காலத்தைக் கட்டிவிடலாம். விலாசம் பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். அது போச்சு.

இனி ஒரு பழைய படம் கைக்கு வந்தால் முதலில் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு முன்பக்கம். எழுத்து இல்லாவிட்டாலும் பின்பக்கம் வேண்டும். ரப்பர் முத்திரை, ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது ஒட்டிக்கொண்ட கறுப்புத் தாள், விலை எழுதிய பென்சில் குறி, எல்லாம் தடயம். குறைந்தது 600 டிபிஐ (dpi), டிஃப் (TIFF) கோப்பாக. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். பெயர் தெரிந்தால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், எழுத்துப் பள்ளமாக முன்பக்கம் புடைக்கும், மையும் பரவும். வழவழப்பான பிளாஸ்டிக் முதுகு கொண்ட பிற்காலத்துப் படங்களில் பென்சில் பிடிக்காது. உறையின்மேல் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள். பிசின் தடவிய பக்கமும் பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்கள் இருக்கின்றனவே, நம் வீடுகளிலும் 1980களின் கல்யாணப் படங்கள் அதில்தான் செத்துக்கொண்டிருக்கின்றன. அவை வேண்டவே வேண்டாம்.

அந்த நான்கு வரி என்ன மொழி என்று உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கிரேக்க எழுத்து, ஆகவே கிரேக்க மொழி என்று முடிவுகட்டிவிட்டீர்கள். துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவிலிருந்து இஸ்தான்புல் வந்து குடியேறிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுமொழி துருக்கிதான். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். நம்மிடம் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி இருந்ததைப்போல. கரமன்லி என்று அதற்குப் பெயர். பாலிக்லி தேவாலயத்தின் முற்றத்துக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், காலடியில் பாவியிருப்பதெல்லாம் பழைய கல்லறைக் கற்கள். பல கற்களில் கிரேக்க எழுத்தில் துருக்கி மொழி. கீழே இறந்தவரின் தொழில் கருவி செதுக்கியிருக்கும். ஏதென்ஸ் நகரத்துக்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார், பொருள் புரியாது. இஸ்தான்புல் நகரத்துத் துருக்கியருக்குக் காதில் விழுந்தால் புரியும், வாசிக்கத் தெரியாது. இரண்டு நாட்டுக் காப்பகங்களிலும் 'படிக்க இயலவில்லை' என்ற குறிப்போடு இப்படிப்பட்ட தாள்கள் கிடக்க இது போதும்.

கல்லறைக் கல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப்போன்ற நல்ல மனதுக்காரர்கள் அங்கேயும் போய்ச் சேவை செய்யக் கிளம்புவார்கள். எழுத்துத் தெரியவில்லை என்று பளிங்குக் கல்லில் எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் படக்கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல்தான், அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினால் உப்பு உள்ளே இறங்கி, காய்ந்ததும் மேற்பரப்பைச் செதிலாக உரிக்கும். கம்பி பிரஷ் கூடாது. எழுத்து எடுப்பாகத் தெரிய மைதா மாவு பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். மாவு பூஞ்சைக்கு விருந்து. சாக்பீஸ் தேய்த்தால் தேய்ந்த எழுத்து இன்னும் தேயும். வேண்டியது வெளிச்சம் மட்டும். காலையிலோ மாலையிலோ சூரியன் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற நேரம், அல்லது பத்துப் பதினைந்து பாகை சாய்வில் பக்கத்திலிருந்து ஒரு டார்ச். நேர்வெயிலில் வெறும் வெள்ளைப் பலகையாகத் தெரிந்த கல் அப்போது பேசும். முழுக்கல் ஒரு படம், எழுத்து மட்டும் ஒன்று, முதுகு ஒன்று, பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒன்று. அருகில் ஓர் அளவுகோல். படியெடுக்கும்போது வரிக்கு வரி, எழுத்துப் பிழையோடு. கல்தச்சனின் பிழையைத் திருத்தாதீர்கள்; அந்தப் பிழைதான் அந்தக் குடும்பம் எப்படிப் பேசியது என்று சொல்லும்.

தேதிகளில்தான் பெரிய குழி. பழைய கற்களில் ஆண்டு எழுத்தால் இருக்கும், நம் கல்வெட்டுகளில் க, உ, ங என்று வருவதுபோல. ஆல்ஃபா 1000, ஒமேகா 800, பை 80, காமா 3. நான்கெழுத்தும் சேர்ந்தால் 1883. அது பழைய ஜூலியன் நாட்காட்டி. நம் தேதிக்கு வர, 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் கூட்ட வேண்டும், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13. பத்ரியார்க் பீடம், அதாவது இஸ்தான்புல்லில் உள்ள ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைமை, 1924இல் நாட்காட்டியைத் திருத்தியது. அரசாங்கத் தாள்களில் ஒஸ்மானிய (ஒட்டோமான்) நிதியாண்டு இருக்கும். 584 கூட்டினால் நம் ஆண்டு வரும். 1926இலிருந்துதான் அங்கே எல்லாம் ஒரே நாட்காட்டி. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பிறந்தநாள், அடையாள அட்டையில் இன்னொன்று, கல்லில் மூன்றாவது என்று வந்தால் மூன்று ஆட்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே கல்லிலோ தாளிலோ இருப்பதை அப்படியே முதலில் எழுதி, மாற்றிய தேதியை அடைப்புக்குள் தனியாக எழுத வேண்டும். மாற்றியதை மட்டும் எழுதி வைத்தால், மாற்றியவர் செய்த தவறைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பெயருக்கு வருகிறேன். இதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இருந்தாலும் மறுபடி சொல்வேன். ஒரே ஆள் ஐந்து வடிவத்தில் இருக்கிறார். கோயில் பதிவேட்டில் கிரேக்க எழுத்தில் கான்ஸ்தாந்தினோஸ். ஒஸ்மானியக் குடிக்கணக்கில் அரபு எழுத்தில், உயிரெழுத்துகள் பாதி விழுங்கப்பட்ட ஒரு வடிவம். பிரெஞ்சுப் பள்ளிச் சான்றிதழிலும் வணிகர் விவரக் கையேட்டிலும் கொன்ஸ்தாந்தேன். 1928இல் துருக்கிக்கு லத்தீன் எழுத்து வந்தபிறகு அடையாள அட்டையில் துருக்கி ஒலிப்பின்படி ஒன்று. வீட்டிலும் தெருவிலும் கோச்சோ. குடும்பப்பெயர் இன்னும் மோசம். பெயோலுவில் ஹாஜோபுலோ சந்து என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் தேநீர் குடித்திருப்பீர்கள். அந்தப் பெயர் கிரேக்க அகரவரிசையில் 22ஆம் எழுத்தின்கீழ், கடைசியில் போய் நிற்கும். பிரெஞ்சு வரிசையிலும் துருக்கி வரிசையிலும் ஹெச்சின்கீழ், முன்பாதியில். கிரேக்கத்தில் பெண்ணின் குடும்பப்பெயர் வேற்றுமை உருபு ஏற்று மாறும்: அண்ணன் பாபதோபுலோஸ், தங்கை பாபதோபுலு. துருக்கி அட்டையிலோ இருவரும் பாபதோபுலோஸ். கணினியில் தேடுகிறவருக்கு அண்ணனும் தங்கையும் வெவ்வேறு குடும்பம்.

இதோடு, மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம். நமக்குப் புரியும், பெயரன் என்பதுதானே பேரன் ஆனது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே யோர்கோ, அதே கோச்சோ. தகப்பன் பெயரும் பிறந்த ஆண்டும் இல்லாமல் வெறும் பெயரை எழுதிவைத்தால் தாத்தாவின் கடையைப் பேரன் தலையில் கட்டிவிடுவோம்.

ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. எண் போட்டு, ஞானஸ்நானப் பெயர் கிரேக்க எழுத்தில், தகப்பன், தாய், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், ஞானத்தந்தை, தொழில், தெரு. அதன்கீழ் பெயரின் எல்லா வடிவங்களும், ஒவ்வொன்றும் எந்தத் தாளில் வந்தது என்ற குறிப்போடு. ஒன்றைத் 'சரியான பெயர்' என்று தேர்ந்து மற்றதை அழிப்பவரைக் காப்பகத்துக்குள் விடக்கூடாது. தெருவையும் அப்படியே: 1927இல் வீட்டு எண்களும் தெருப்பெயர்களும் முறைப்படுத்தப்பட்டபோது பழைய கிரேக்க, பிரெஞ்சுப் பெயர்கள் பல போயின. தத்தாவ்லா என்ற பேட்டையே 1929 தீவிபத்துக்குப் பிறகு குர்துலுஷ் ஆனது. பழைய தெருவைப் புதிய தெருவோடு பொருத்த பெர்விதிச் வரைபடங்கள் இருக்கின்றன, 1922 முதல் 1945 வரை தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை. வீடு வீடாக, கல்லா மரமா என்று நிறம் பிரித்துக் காட்டும். பாட்டிமார்களிடம் உட்கார்ந்து பேசுகிறவர் அந்தத் தாளைக் கையில் எடுத்துப்போக வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்வது பற்றியும் நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால், தொலைக்காட்சிக்குச் சொல்கிற கதையைச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே கதை. 'உங்கள் மாடியில் யார் குடியிருந்தார்கள்? அவர்களுக்கு எதிர்வீடு?' என்று படி ஏறிக்கொண்டே போனால் பெயர்கள் கொட்டும். ஒரு அமர்வு ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள், பதிவுக் கருவிக்குக் கீழே மடித்த துண்டு, தொடக்கத்தில் தேதி, இடம், பெயர். சுருக்காத வேவ் (WAV) கோப்பு. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

எழுத்தாக்கும்போது நடக்கிற அநியாயம் தனி. இஸ்தான்புல் கிரேக்கத்தில் 'உனக்குச் சொல்கிறேன்' என்பது 'உன்னைச் சொல்கிறேன்' என்ற வேற்றுமையில் வரும். நடுநடுவே துருக்கிச் சொல், பிரெஞ்சுச் சொல். படித்த பிள்ளை ஒருவர் தட்டச்சு செய்ய உட்கார்ந்து அதையெல்லாம் ஏதென்ஸ் கிரேக்கமாகத் திருத்தித் தருகிறார். நெல்லைப் பாட்டியின் பேச்சைப் பாடநூல் தமிழாக மாற்றித் தருவதுபோல. அதற்குப் பதிவே செய்யாமல் இருந்திருக்கலாம்.

இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தவர்கள் உண்டு. 1930இல் ஏதென்ஸ் நகரில் மெல்போ மெர்லியே தொடங்கிய ஆசியா மைனர் ஆய்வு மையம், 1923இல் பெயர்ந்து வந்த அகதிகளில் சுமார் 5,000 பேரிடம் ஊர் ஊராக விசாரித்து எழுதிவைத்தது. வந்தவர்களுக்கு அது கிடைத்தது. இஸ்தான்புல்லில் தங்கியவர்கள் 'இன்னும் அங்கேதானே இருக்கிறார்கள், என்ன அவசரம்' என்று விடப்பட்டார்கள். 1964க்குப் பிறகு கேட்க ஆரம்பித்தபோது, கேட்க வேண்டியவர்கள் ஏதென்ஸ் நகரத்தின் புறநகர்களில் சிதறிக் கிடந்தார்கள்.

சமையல்கூட இப்படித்தான். லாகெர்தா என்று ஒரு மீன் ஊறல். பெரிய பொனிட்டோ மீனை மூன்று நான்கு சென்டிமீட்டர் வட்டத் துண்டுகளாக வெட்டி, முதுகெலும்பின் நடுத்துளையில் மெல்லிய கம்பியை விட்டு மஜ்ஜையைத் தள்ளி, ரத்தம் போகும்வரை குளிர்ந்த நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கல்லுப்பு அடுக்கி, மேலே பாரம் வைப்பார்கள். மஜ்ஜை மிச்சமிருந்தால் எலும்பைச் சுற்றிச் சிவந்து நாறிவிடும். இதை யாரும் எழுதிவிடலாம். 'உப்பு? போதுமான அளவு' என்பாளே பாட்டி, அதற்குத்தான் தராசு. அவள் தொடங்குமுன் உப்பு டப்பாவை எடைபோடுங்கள், முடித்ததும் மறுபடி போடுங்கள். நடுவில் அவளை நிறுத்தி அளக்கச் சொன்னால் கை தடுமாறி வேறு ஏதோ செய்வாள்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'சரி, பெயர்களைத் திரட்டி இணையத்தில் ஏற்றிவிடலாம்' என்று கிளம்பாதீர்கள். அந்த ஊரில் பட்டியல் என்ற சொல்லுக்கே ஒரு பயம் உண்டு. 1942 வரிப் பட்டியலை வரி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள், மதவாரியாக எழுத்து போட்டுப் பிரித்த கணக்கிலிருந்து. அதற்கு முன்பு 1936இல் கோயில், பள்ளி, மருத்துவமனை அறக்கட்டளைகளிடம் சொத்துப் பட்டியல் வாங்கினார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பட்டியல்தான் அறக்கட்டளைகளின் சாசனம், அதற்குப் பிறகு வாங்கியதும் தானமாக வந்ததும் செல்லாது என்றது. சொத்துகள் பறிபோயின. 2008, 2011 சட்டங்களுக்குப் பிறகே சில திரும்பின. ஒரு பாட்டி பெயர் சொல்லத் தயங்கினால் மறதி என்று எழுதிவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெளியிடக் கூடாது. 30 வருடம் மூடிவைக்கச் சொன்னால் எழுதி வாங்கி மூடிவையுங்கள். முதல் பிரதி அந்தச் சமூகத்தின் கைக்குப் போக வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு இரண்டாவது.

அருங்காட்சியகம்? இருக்கட்டும், யாராவது கட்டுவார்கள். நீங்கள் பார்த்த மர மாளிகையைப் பற்றி எழுதாதவர் இல்லை. கட்டடக் கலைஞர் வல்லோரி வரைந்து 1890களின் இறுதியில் ஹோட்டலாகக் கட்டியது, சுல்தான் அனுமதி தராததால் 1903இல் அநாதை இல்லமானது, 1964இல் மூடப்பட்டது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போய் 2010இல் பத்ரியார்க் பீடத்துக்குத் திரும்பியது. 206 அறை. அதைத் தூக்கி நிறுத்த ஆகும் பணத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டை ஸ்கேன் செய்ய அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக ஒரு கண்டிப்பு. 'அழிந்துகொண்டிருக்கும் இனம்' என்று எழுதினீர்களே, அதை அவர்கள் காதுபட எப்படிச் சொல்வீர்கள்? ஸோக்ராஃபியோன், ஸாப்பியோன், ஃபெனரில் உள்ள சிவப்புச் செங்கல் பள்ளி மூன்றிலும் இன்று காலைகூட மணி அடித்திருக்கும். பிள்ளைகளில் பலர் தெற்குத் துருக்கியின் அந்தாக்யா பக்கத்து அரபு பேசும் ஆர்த்தடாக்ஸ் வீடுகளிலிருந்து வருகிறார்கள். வீட்டில் கிரேக்கம் இல்லாத பிள்ளைக்குக் கிரேக்கத்தில் பாடம் நடத்துவது எப்படி என்பதுதான் ஆசிரியர்களின் தலைவலி. துருக்கியின் இம்ப்ரோஸ் தீவில் 1964இல் கிரேக்கக் கல்வியை நிறுத்தினார்கள்; 2013இல் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு பள்ளி திறந்தது. அறக்கட்டளை நிர்வாகத் தேர்தலுக்கான விதிமுறை 2013இல் ரத்தாகி, 2022இல்தான் மறுபடி வந்தது. 1925இல் தொடங்கிய அபோயெவ்மதினி என்ற கிரேக்க மொழி நாளிதழ் 2011இல் மூடும் நிலைக்குப் போனபோது துருக்கி வாசகர்களும் சந்தா கட்டினார்கள், கிரேக்கம் படிக்கத் தெரியாமலேயே. அந்தப் பத்திரிகையின் இரங்கல் அறிவிப்புகளை அட்டவணையிட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா? யார் மனைவி, யார் பிள்ளைகள், எந்தக் கோயிலில் அடக்கம் என்று ஒரு நூற்றாண்டின் குடும்ப மரம் முழுக்க. நீங்கள் கேட்ட 'எப்படிக் காப்பாற்றுவது' என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, இதைச் செய்ய உங்களுக்கு மொழியும் தெரியாது. விடுங்கள்.

ஒன்றே ஒன்று உங்களால் முடியும். கடையில் வாங்கிய அன்று, பின்பக்கத்தைச் சும்மாவாவது ஃபோனில் எடுத்தீர்களா? உங்கள் வீட்டம்மாவின் ஃபோனிலும் பாருங்கள், பிள்ளைகளின் ஃபோனிலும். நீக்கிய படங்கள் போகும் பெட்டியில் 30 நாள் வரை கிடக்கும். போன மாதம் என்கிறீர்கள், இன்றே தேடுங்கள். கிடைத்தால் எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். துருக்கியின் 'ப' (b), 'த' (d), 'ஷ' (ş) ஒலிகளைக் காட்ட கரமன்லியில் அப்படிப் புள்ளி வைப்பதுண்டு. கையெழுத்தில் பலர் விட்டுவிடுவார்கள், இருந்தாலும் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, மின்னஞ்சலில் மூலக் கோப்பாகவே அனுப்புங்கள்.

அன்புடன்.